மூன்று சைட், ஒரே சென்ட்ரிங் செட்: அட்டவணையை எங்கிருந்து தொடங்குவது?

கடலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 31, சிவில் படித்தவர். சென்னையில் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு ஊருக்குத் திரும்பி, அவர் நடத்திவந்த கட்டட கான்ட்ராக்டைக் கையில் எடுத்திருக்கிறார். இப்போது மூன்று வேலை இருக்கிறது. செம்மண்டலத்தில் ஒரு மாடி வீடு, உரிமையாளர் குவைத்தில் இருக்கிறார், தை மாதம் கிரகப்பிரவேசம் வேண்டும் என்கிறார். நெல்லிக்குப்பத்தில் ஒரு கடை, அதன் மேல் வீடு, அந்த உரிமையாளர் வாரம் ஒரு முறை வாட்ஸப் வாய்ஸ் மெசேஜில் எதையாவது மாற்றிச் சொல்கிறார். குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு பள்ளிக்கு நான்கு வகுப்பறை, அதை வரும் ஜூனுக்குள் கொடுக்க வேண்டும்.

வேலைகளை ஒழுங்குபடுத்த ஒவ்வொரு சைட்டுக்கும் எக்ஸெலில் தனித்தனி அட்டவணை போட்டிருக்கிறார், மூன்றும் சேர்ந்து 180 வரி, ஒவ்வொன்றுக்கும் நிறம். ஏ3 தாளில் அச்செடுத்து சைட் கொட்டகையில் ஒட்டினார். இரண்டே வாரத்தில் அதற்கும் நடக்கிற வேலைக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விட்டது. மேஸ்திரி ஒரு நாள்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவோ, "இருபத்தெட்டு வருஷமா தலையிலயே வச்சு ஓட்டினேன், இந்தத் தாள் எதுக்கு" என்கிறார். இதற்கிடையில் செம்மண்டலம் உரிமையாளர், சொன்ன தேதிக்கு மேல் போகும் ஒவ்வொரு வாரத்துக்கும் மொத்தத் தொகையில் ஒரு சதவீதம் பிடித்துக்கொள்வேன் என்று பத்திரத்தில் எழுதிக் கேட்கிறார்.

அவர் கேட்பது மூன்று. அட்டவணையைத் தேதி வாரியாக அடுக்குவதா, சைட் வாரியாகவா, ஆள் வாரியாகவா, அதற்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா? அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த மூன்று அட்டவணைப் படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாலை முழுவதும் பார்த்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் உழைப்பில் குறை இல்லை. எந்த வேலைக்கு எத்தனை நாள் என்ற கணக்குகூட பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. "எனக்கு ஊர் வேலை சரிப்பட்டு வராதோ" என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கவலையை இப்போதே விடுங்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது, அதைத் திருத்தவும் முடியும்.

தேதியைக் கடைசியில் எழுதுங்கள்

நீங்கள் 180 வரியிலும் முதலில் தேதியை நிரப்பியிருக்கிறீர்கள். எது முடிந்தால் எது தொடங்கும் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அதனால்தான் ஒரு வேலை நான்கு நாள் தள்ளியதும், அதற்குப் பின்னால் எந்தெந்த வேலை தள்ளும், எது தள்ளாது என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போயிற்று. நிறப் பட்டை போட்ட இந்த மாதிரி வரைபடம் நூறு வருடத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது, 1910களில் ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரால் பிரபலமாகி அவர் பெயரிலேயே நிலைத்தது. எது எப்போது என்பதை ஒரே பார்வையில் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதை வெறும் பட்டை காட்டாது. 1950களின் கடைசியில் டூபான்ட் ரசாயன நிறுவனத்தில் வேலைகளைக் கோடு போட்டு இணைத்து, எந்தச் சங்கிலி மிக நீளமோ அதுதான் முடிவுத் தேதியைத் தீர்மானிக்கிறது என்று கணக்கிடத் தொடங்கியது இந்தக் குறைக்காகத்தான். சென்னையில் கிரிட்டிக்கல் பாத் என்ற பெயரில் அதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். அங்கே சாஃப்ட்வேர் தானாகச் செய்தது, இங்கே நீங்கள் கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எக்ஸெலை மூடிவிட்டு ஒரு கட்டு வெள்ளைச் சீட்டு எடுங்கள். செம்மண்டலம் வீட்டை மட்டும் முதலில் பார்ப்போம். ஒரு சீட்டுக்கு ஒரு வேலை, கீழே சின்ன எழுத்தில் "இதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டியது" என்று மட்டும் எழுதுங்கள். தேதி வேண்டாம். அப்புறம் கிரகப்பிரவேசச் சீட்டைச் சுவரின் வலது ஓரத்தில் ஒட்டிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பால் காய்ச்ச வேண்டுமானால் என்ன முடிந்திருக்க வேண்டும்? கடைசிக் கோட் பெயின்ட். அதற்கு முன்? கதவு மாட்டியிருக்க வேண்டும், டைல்ஸ் கறை துடைத்திருக்க வேண்டும். அதற்கு முன் பட்டி, பட்டிக்கு முன் பூச்சு காய்ந்திருக்க வேண்டும், பூச்சுக்கு முன் சுவரைக் கொத்தி ஒயரிங் பைப் புதைத்திருக்க வேண்டும். இப்படிப் பின்னால் போகப் போக, முன்னிருந்து எழுதும்போது கண்ணில் படாத ஐந்தாறு வேலை தானாக வந்து நிற்கும். உங்கள் 180 வரியில் செப்டிக் டேங்க் குழி நவம்பர் மாதத்தில் இருக்கிறது, கவனித்தீர்களா? வீட்டு வேலைக்கு அது எப்போது வந்தாலும் சரிதான் என்று கடைசிப் பக்கம் தள்ளியிருக்கிறீர்கள். கடலூரில் கார்த்திகையில் ஆறடி குழி தோண்டினால் மண் வருவதற்கு முன்னால் தண்ணீர் வரும், ஒரு பக்கம் மோட்டார் ஓட ஓட மறு பக்கம் கரை சரியும்.

சீட்டுகளை ஒட்டி முடித்த பிறகுதான் நாள் கணக்கு, அதற்கும் பிறகுதான் தேதி. இந்த வரிசை முக்கியம்.

ஒரே செட், இரண்டு இடம்

உங்கள் கேள்வியின் முதல் பாகத்துக்கு, அதாவது சைட் வாரியாகவா ஆள் வாரியாகவா என்பதற்கு, உங்கள் தாள்களே பதில் வைத்திருக்கின்றன.

செம்மண்டலம் தாளில் கீழ்த்தள ரூஃப் கான்கிரீட் ஆகஸ்ட் 28, மேல்தள ரூஃப் அக்டோபர் 8. நெல்லிக்குப்பம் தாளில் கடை ரூஃப் செப்டம்பர் 26. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமான தேதிகள். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சென்ட்ரிங் செட் (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் முட்டும் ஷீட்டும்) என்று கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செம்மண்டலத்தில் ஹால் 5 மீட்டர் அகலம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி சாதாரண சிமென்டுக்கு 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு 7 நாளும் அதற்கு மேல் 14 நாளும் முட்டு நிற்க வேண்டும். ஆகவே செட் விடுபடுவது செப்டம்பர் 11. மறுநாள் நெல்லிக்குப்பம் கொண்டுபோய், ஷீட் அடித்து, கம்பி கட்டி, 26-ஆம் தேதி கான்கிரீட் போடுவது சாத்தியம்தான். ஆனால் அங்கே 5.5 மீட்டர் பீம் இருக்கிறது, பீமுக்கும் 6 மீட்டர் வரை 14 நாள், ஆக அக்டோபர் 10 வரை செட் அங்கிருந்து அசையாது. செம்மண்டலத்தில் 8-ஆம் தேதி கான்கிரீட் போட வேண்டுமானால் செப்டம்பர் 28-க்கே சென்ட்ரிங் தொடங்கியாக வேண்டும். பன்னிரண்டு நாள் ஒரே செட் இரண்டு ஊரில் இருக்கிறது, உங்கள் தாளில்!

இப்படியே விட்டால் என்ன நடக்கும்? செட் அக்டோபர் 11-ஆம் தேதி திரும்பி வந்து, பத்து நாள் வேலை முடிந்து, செம்மண்டலம் மேல்தளம் அக்டோபர் 22 வாக்கில் கான்கிரீட்டுக்குத் தயாராகும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதே அக்டோபர் 20 வாக்கில்தான். தாமதத்துக்கு மழையைக் காரணம் சொல்லுவோம், வீட்டுக்காரரும் நம்புவார், ஆனால் உண்மையான காரணம் ஆகஸ்டிலேயே இரண்டு தாளில் பிரிந்து கிடந்தது.

அதனால், வேலைகளின் வரிசையைச் சைட் வாரியாக வையுங்கள், ஆனால் இரண்டு சைட்டுக்குப் பொதுவாக இருக்கிற எதையும் (செட், மேஸ்திரி, கம்பி கட்டும் ஆட்கள், கையில் இருக்கும் பணம்) தனியாக ஒரே தாளில், வாரத்துக்கு ஒரு கட்டமாக எழுதுங்கள். ஒரு கட்டத்தில் ஒரு பெயருக்கு மேல் வந்தால் சிவப்பு. இதற்குப் பன்னிரண்டு வரி போதும்.

இந்த மோதலுக்கு என் யோசனை, செம்மண்டலத்துக்கு முதல் உரிமை கொடுங்கள், நெல்லிக்குப்பத்துக்கு நான்கு வாரத்துக்கு வாடகை செட் எடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. மாடிப்படி எந்தப் பக்கம் என்று நெல்லிக்குப்பம் உரிமையாளர் இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறீர்கள். செப்டம்பர் 5-க்குள் அவர் படத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் வாடகை செட் எடுக்காதீர்கள், அந்த ரூஃபை மழை கழிந்து தைக்குத் தள்ளுங்கள், அதை இன்றே அவரிடம் சொல்லியும் விடுங்கள். ஐப்பசியில் அவசரப்பட்டு செட் தேடினால் எல்லா கான்ட்ராக்டரும் அதையேதான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். தேதி நெருக்கும்போது முதலில் மனது போவது அந்த 14 நாளின் மேல்தான், "பத்து நாள் ஆச்சு, கல்லு மாதிரி இருக்கு, பிரிச்சிடலாம்" என்று சைட்டிலேயே யாராவது சொல்வார்கள். பிரிக்காதீர்கள். விதியில் இருக்கும் அந்த நாட்கள் சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கானவை, இன்று பெரும்பாலும் கடையில் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த போசோலானா சிமென்ட்) இன்னும் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அதற்கு நீராற்றுவதே குறைந்தது 10 நாள், வெயிலும் காற்றும் வறட்சியாக இருந்தால் 14 நாள். அட்டவணையில் சுருக்கக்கூடிய நாளும் உண்டு, சுருக்கக் கூடாத நாளும் உண்டு, சுருக்கக் கூடாததைச் சிவப்பில் வட்டம் போட்டு வையுங்கள்.

இதே இடத்தில் இன்னொன்று. "ஆளைக் கூட்டினால் பிடித்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டு வேலையில் ஓரளவுக்கு உண்மை. பூச்சு காய்வதற்கும் கான்கிரீட் இறுகுவதற்கும் எத்தனை ஆள் விட்டாலும் அதே நாள்தான். ஒரு பத்துக்குப் பத்து அறைக்குள் நான்கு கொத்தனார் நின்றால் ஒருவர் சட்டியை ஒருவர் தட்டிவிடுவதுதான் மிச்சம்.

முடிவுகளும் வேலைதான்

பல வருடம் முன்பு புதுச்சேரியில் ஒரு கட்டடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எல்லாப் பட்டையும் அழகாக இருந்தது. ஆனால் பத்தொன்பது நாள் டைல்ஸ் ஆட்கள் வந்து வந்து திரும்பினார்கள். காரணம், குளியலறைக் குழாய் எந்த மாடல் என்று வீட்டுக்கார அம்மா சொல்லவில்லை. சுவருக்குள் புதைகிற மிக்ஸரா, வெளியே மாட்டுவதா என்று தெரியாமல் பிளம்பர் பைப் போட மாட்டார், பைப் போட்டுத் தண்ணீர் அடைத்துக் கசிவு பார்க்காமல் சுவர் டைல்ஸ் ஒட்ட முடியாது, சுவர் முடியாமல் தரை டைல்ஸுக்கு வாட்டம் எடுக்க முடியாது. என் அட்டவணையில் பைப், சுவர் டைல்ஸ், தரை டைல்ஸ் மூன்றும் இருந்தன. "குழாய் தேர்வு" என்ற வரி இல்லை. அந்த அம்மா மேல் தப்பே கிடையாது, எப்போதைக்குள் சொல்ல வேண்டும் என்று நான் அவர்களிடம் கேட்கவே இல்லை.

உங்களுக்கு இது இன்னும் கூர்மையாக இருக்கும். செம்மண்டலம் உரிமையாளருக்கு வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. ரூஃபில் ஃபேன் பாக்ஸ் எங்கே, ஏ.சி. பைப் எங்கே என்று அவர் சொன்னால்தான் எலெக்ட்ரீஷியன் கம்பிக்கு நடுவே பைப் போடுவார், அதற்குப் பிறகுதான் கான்கிரீட். ஆகஸ்ட் 28 கான்கிரீட் என்றால் 21-ஆம் தேதிக்குள் அவர் முடிவு வேண்டும். ஒரு வெள்ளி தவறினால் ஒரு வாரம் போச்சு. ஆகவே வீட்டுக்காரர் சொல்ல வேண்டியவை என்று தனிச் சீட்டு, வேறு நிறத்தில். ஜன்னல் கிரில் டிசைன், நிலைக்கு எந்த மரம், டைல்ஸ், சமையலறை மேடை உயரம், பெயின்ட் நிறம். ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள். அதை மொத்தமாக இன்றே அவருக்கு அனுப்புங்கள், தூரத்தில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி ஒரு பட்டியல் பெரிய நிம்மதி.

எந்தத் தாளில் எது

எல்லாவற்றையும் ஒரே தாளில் வைக்கப் பார்த்ததுதான் 180 வரி ஆனதற்குக் காரணம். விவரம் கூடக் கூடப் பிடி இறுகும் என்று நினைக்கிறோம், ஆனால் மூன்று மாதம் கழித்து வரப்போகும் வேலையை நாள் வாரியாக எழுதினால் அதில் பாதி நம் யூகம்தான். மனிதர்கள் தங்கள் சொந்த வேலை எத்தனை நாளில் முடியும் என்று கணிக்கும்போது பெரும்பாலும் குறைத்தே கணிக்கிறார்கள் என்று கானேமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இலேயே எழுதிவிட்டார்கள். மாற்று வழியும் அவர்களே சொன்னார்கள்: இந்த வேலையை மட்டும் பார்த்து யோசிக்காமல், இதே மாதிரி முன்பு செய்த வேலைகள் உண்மையில் எத்தனை நாள் ஆயின என்று பாருங்கள். உங்கள் வீட்டில் அப்பாவின் இருபத்தெட்டு வருடக் கூலி நோட்டுகள் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குக் கீழ்த்தள ரூஃபிலிருந்து மேல்தள ரூஃப் வரை எத்தனை சனிக்கிழமை கூலி போயிருக்கிறது என்று எண்ணினால் உங்களுக்கு எந்தப் புத்தகமும் தராத கணக்கு கிடைக்கும்.

நான் பின்பற்றுவது மூன்று அடுக்கு. முதல் தாள், மூன்று சைட்டுக்கும் சேர்த்து மாத வாரியாகப் பெரிய கட்டங்கள் மட்டும், இருபது வரிக்குள். இரண்டாவது, அடுத்த நான்கு வாரம். இதில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த வேலை தொடங்க இன்னும் என்ன கைக்கு வரவில்லை? பொருளா, ஆளா, படமா, பணமா, வீட்டுக்காரர் பேச்சா? அதை யார் எப்போது தீர்ப்பது? இந்த நான்கு வாரத் தாளில்தான் உங்கள் நேரத்தில் பெரும்பங்கு போக வேண்டும். மூன்றாவது, அடுத்த வாரம் மட்டும். அதை நீங்கள் எழுத வேண்டாம், மேஸ்திரி சொல்லட்டும்.

அது எப்படி என்றால், சனிக்கிழமை மாலை கூலி கொடுக்கும் நேரம். சட்டி, கரண்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். மேஸ்திரியோடு மணல் குவியல் பக்கத்தில் உட்காருங்கள். "மேஸ்திரி அண்ணே, வர்ற வாரம் எதெல்லாம் நிச்சயமா முடிச்சிடுவீங்க?" அவர் ஆறு சொல்வார். ஒவ்வொன்றுக்கும் "அதுக்கு நான் என்ன கொண்டுவந்து தரணும்?" என்று கேளுங்கள். "மேல் லிண்டலுக்கு எட்டு எம்.எம். கம்பி பத்தாது" என்பார். அங்கேயே ஆறு நான்காகிவிடும். அந்த நான்கை மட்டும் சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள், அவர் கையாலேயே எழுதினால் இன்னும் நல்லது. அடுத்த சனி முடிந்ததா, இல்லையா என்று மட்டும் பாருங்கள், "எண்பது பர்சன்ட் ஆச்சு" வேண்டாம். முடியாததற்கு எதிரே காரணம் ஒரு சொல்லில். கட்டுமானத் துறையில் கிளென் பல்லார்ட் என்பவர் 1990களில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். வேலையைக் கையால் செய்விப்பவர்தான் கடைசியாகத் திட்டமிடுபவர், அவர் வாக்குக் கொடுக்காத தேதி தாளில் மட்டும்தான் இருக்கும் என்பது அதன் அடிப்படை. உங்கள் மேஸ்திரி ஏ3 தாளைப் பார்க்காததற்கும் அதுதான் காரணம், அதில் அவர் வாக்கு எதுவும் இல்லை.

நான்கைந்து வாரக் காரணங்களைக் கூட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் ஆள் வராததைவிடப் பொருள் வராததும் முடிவு வராததும்தான் அதிகம் இருந்திருக்கிறது.

சாஃப்ட்வேர்? எம்.எஸ். புராஜெக்ட், பிரிமவேரா எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான், நல்ல கருவிகள்தான். ஆனால் மூன்று சைட்டுக்கு இப்போது பணம் செலவழிக்காதீர்கள். முதல் இரண்டு தாளுக்கு இருக்கிற எக்ஸெல், மூன்றாவதுக்குச் சுவர். ஏழெட்டு சைட் ஆனதும் யோசிக்கலாம்.

பள்ளி வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மழை விட்டதும் ஜனவரியில் அஸ்திவாரம் தொடங்கினால் ஜூனுக்கு நேரம் இருக்கிறது. மார்ச்சில் பொதுத்தேர்வு வரும், அந்த நாட்களில் மிக்ஸர், கட்டிங் மெஷின் சத்தம் கூடாது என்பதை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

தை என்றால் எந்தத் தை?

மேல்தள ரூஃப் அக்டோபர் 8-க்கே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மழைக் காலம் முழுக்க உள்வேலை நடக்கலாம், அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கார்த்திகையில் பூசிய சுவர் சித்திரையில் பூசிய சுவர் மாதிரி காயாது. ஈரத்தின் மேல் பட்டி இழுத்தால் ஆறு மாதத்தில் பொரிந்து உதிரும், வீட்டுக்காரர் உங்களைத்தான் கூப்பிடுவார். வெளிப்பூச்சும் மொட்டைமாடி ஓடு பதிப்பதும் மழை இடைவெளியில்தான் நடக்கும். அப்புறம் பொங்கல் வாரம், ஜனவரி 12 முதல் 18 வரை சைட்டில் ஒரு ஆளும் இருக்காது, அதைப் பூஜ்யம் என்றே எழுதுங்கள். ஆகவே தையின் முதல் முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், பிப்ரவரி முதல் வாரத்துக்குள் வரும் கடைசி முகூர்த்தங்களில் ஒன்றைச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலையிலும் இரண்டு நாள் மூன்று நாள் என்று சேர்த்து எழுதியிருக்கிறீர்களே, அதையெல்லாம் எடுத்துவிட்டு மொத்தமாக மூன்று வாரத்தைக் கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் ஒரே இடத்தில் வையுங்கள். வேலைக்குள் ஒளித்து வைத்த நாள் அந்த வேலையிலேயே செலவாகிவிடும், கடைசியில் இருக்கும் நாள் எல்லாருக்கும் பொதுவாக நிற்கும். பத்திரிகை அடிப்பதை மேல்தள ரூஃப் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பத்திரத்தில் கையெழுத்து

நான் பொறியாளர், வக்கீல் இல்லை. பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் வக்கீலிடம் போகும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

"கையெழுத்துப் போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம் அல்லவா" என்று பயந்திருக்கிறீர்கள். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஒரு உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். ஆனால் நடைமுறையில் கடைசித் தவணை அவர் கையில் இருக்கிறது. அவர் பிடித்துக்கொண்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டியவர் நீங்கள். அதனால் சட்டம் இருக்கிறது என்று சும்மா போட்டுவிடவும் வேண்டாம், பயந்து மறுத்துவிடவும் வேண்டாம். வாசகத்தை மாற்றிக் கேளுங்கள். மொத்தப் பிடித்தத்துக்கு ஒரு எல்லை வேண்டும், அரசு ஒப்பந்தங்களில் 10 சதவீதம் வழக்கமான உச்சவரம்பு, தனி வீட்டுக்கு 5 என்று கேட்பது நியாயம். அவர் முடிவு சொல்லத் தாமதித்த நாளும் தவணை தராத நாளும் கெடுவோடு கூட வேண்டும். கூடுதல் வேலை எதுவானாலும் எழுத்தில், எத்தனை நாள் கூடும் என்பதோடு. வாட்ஸப்பில் "சரி" என்று அவர் போட்ட ஒரு வரிகூடப் பிறகு உதவும், அழித்துவிடாதீர்கள்.

மழையைப் பற்றி நீங்கள் எழுதியது தவறான நம்பிக்கை. "மழை வந்தா இயற்கைச் சீற்றம், யாரும் கேட்க முடியாது" என்பது எடுபடாது. கடலூரில் நவம்பரில் மழை பெய்யும் என்பது ஊருக்கே தெரியும், வழக்கமான மழையை நீங்கள்தான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்தது, இந்த மாதிரி நாட்களுக்குத்தான் தனி வாசகம் வேண்டும்: புயல் எச்சரிக்கை நாட்கள், சைட்டில் தண்ணீர் நின்ற நாட்கள், அதன் பின் வடியும்வரை. தேதி போட்டு ஒரு போட்டோ எடுத்து அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்பாவிடம் பேசுவது

அப்பாவிடம் அட்டவணை இல்லை என்று நினைக்கிறீர்கள். இருக்கிறது, அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அது அவர் தலையில் மட்டும் இருக்கிறது, அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வேலை நின்றது அதனால்தான். இதை அவரிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். உடம்பு முடியாமல் இருப்பவருக்கு, நீ இல்லாமல் ஓட வேண்டும் என்பது வேறு மாதிரிக் கேட்கும்.

சீட்டுக் கட்டோடு ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்காருங்கள். "அப்பா, செம்மண்டலம் வீட்டுக்குப் பால் காய்ச்சறதுல இருந்து பின்னாடி சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள், இடையில் திருத்தாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது, அந்தத் தெரு களிமண், ஐப்பசி பிறந்தால் லோடு லாரி உள்ளே வராது என்று அப்பா சொன்னதாக. அதை ஒரு முணுமுணுப்பு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த 180 வரியையும்விடப் பெரிதாகப் பட்டது அதுதான். உள்பூச்சுக்கான எம்-சாண்டும் டைல்ஸும் அக்டோபர் 10-க்குள் சைட்டில் இறங்கியிருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம், அதற்கு இப்போதே பணம் ஏற்பாடு செய்ய வேண்டும், வீட்டுக்காரரிடம் ஒரு தவணையை முன்னால் கேட்க வேண்டும், டைல்ஸ் தேர்வைச் செப்டம்பருக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வாக்கியத்திலிருந்து நான்கு சீட்டு.

சனிக்கிழமை மேஸ்திரியோடு உட்காரும்போது, முடிந்தால் அப்பாவையும் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பேசவே வேண்டாம், இருந்தால் போதும். மேஸ்திரி கொடுக்கும் வாக்கு அப்போது கனமாக இருக்கும்.

மற்றதையெல்லாம் நிதானமாகச் செய்யுங்கள். செப்டிக் டேங்க் குழியையும், சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கான குழியையும் மட்டும் இந்த வாரமே தோண்டச் சொல்லிவிடுங்கள்.